உடம்புச் சூட்டில் ஓடும் சென்சார் வீட்டில் ஓடவில்லை, அவசரம்

கடைசிபெஞ்ச்: கையில் கட்டும் காய்ச்சல் சென்சார் செய்திருக்கிறேன். பேட்டரி கிடையாது, உடம்புச் சூட்டில் கரண்ட் எடுத்து ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும். காலேஜ் லேபில் ஓடியது, வீட்டில் செத்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ரிவ்யூ, யாராவது சொல்லுங்கள்.

மின்மினி87: என்ன மாட்யூல், என்ன போர்டு? ஒன்றுமே சொல்லாமல் எப்படி?

நீலப்பல்: ஆண்ட்ராய்டா? லொகேஷனை ஆன் செய்து ஸ்கேன் செய்யுங்கள்.

சால்டர்வாசனை: கரண்டைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டர் லீக். மலிவானது என்றால் வருகிற மைக்ரோஆம்ப் எல்லாம் அதிலேயே போய்விடும்.

கடைசிபெஞ்ச்: அதே போன்தான் லேபிலும். சூட்டு வித்தியாசத்தில் கரண்ட் தரும் டிஇசி1-12706 பெல்டியர் மாட்யூல், மேலே சூட்டை வெளியே விடும் சின்ன ஹீட் சிங்க், வோல்டேஜை ஏற்றித் தரும் எல்டிசி3108 போர்டு.

பழையரேடியோ: டேட்டாஷீட்டைத் திறக்கும் வழக்கமே போய்விட்டது. 3108 விழிக்கவே 20 மில்லிவோல்ட் வேண்டும், அதுவும் 1:100 டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால். இதுகூடத் தெரியாமல் ப்ராஜெக்ட்டா?

மின்மினி87: திட்டுவது அப்புறம் அண்ணே. தம்பி, லேபில் ஏசியா? வீட்டில் இப்போது எத்தனை டிகிரி?

கடைசிபெஞ்ச்: லேபில் 24. இங்கே மதுரை, மொட்டை மாடி ரூம், 34.

மின்மினி87: அதுதான். தோலே 33 பக்கம்தான் இருக்கும். பெல்டியர் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. டிகிரிக்கு ஏறக்குறைய 50 மில்லிவோல்ட், லோடு ஏறினால் பாதி. லேபில்கூட அந்த 9 டிகிரியில் பெரும்பகுதி தோலிலும் சிங்க்கிலும் போய், மாட்யூலுக்கு ஒரு டிகிரி மிஞ்சினால் அதிகம். உங்கள் ரூம் தோலைவிடச் சூடு, அதனால் பிளஸ் மைனஸே தலைகீழ், 3108 அதை வாங்காது. சிங்க் மேல் ஈரக் கைக்குட்டையைப் போட்டு ஃபேனைத் திருப்புங்கள்.

பழையரேடியோ: ஒரு சிஆர்2032 பட்டன் செல் போட்டால் முடிந்தது, எதற்கு இந்தக் கூத்து?

நீலப்பல்: சீக்கோ 1998லேயே உடம்புச் சூட்டில் ஓடும் வாட்ச் விட்டதே, அதுவும் கூத்தா?

பழையரேடியோ: வாட்ச் மைக்ரோவாட்டில் ஓடும். ரேடியோ அனுப்பும்போது 5 மில்லிஆம்ப் கேட்கும்.

மின்மினி87: சில மில்லிசெகண்டுக்குத்தானே, அதற்குத்தான் கெபாசிட்டர். அந்த பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து ஓட்டையாகிவிடும் அண்ணே, காய்ச்சல் பட்டையைக் கட்டுவதே குழந்தைகளுக்குத்தான்.

பழையரேடியோ: ஸ்க்ரூ போட்ட மூடி என்று ஒன்று உண்டு.

கடைசிபெஞ்ச்: ஈரத்துணி போட்டதும் போனில் வந்துவிட்டது!! ரிவ்யூ ஹாலில் ஏசி உண்டா என்று விசாரிக்கிறேன். நன்றி அண்ணா.

சால்டர்வாசனை: கெபாசிட்டர் எந்தக் கம்பெனி என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?