வேலை போன பிறகு மீண்டும் படிக்கச் சென்றவர்களின் அனுபவங்கள்

நோர்வூட்டிலிருந்து:

கொழும்பில் புதுக் கட்டடங்களுக்கு வயரிங் செய்துவந்தேன். 2022 இல் சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றுபோனபோது, என்னைப் போன்ற பலரும் தோட்டத்துக்கே திரும்பினோம். வேலையிழந்தவருக்கென்று மாதாந்தக் கொடுப்பனவு எதுவும் நம் நாட்டில் இல்லை. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கூடக் குடும்பத்தின் நிலைமையைப் பார்க்கிறதே தவிர, ஒருவர் படிக்கப் போகிறாரா என்று பார்ப்பதில்லை. ஆகவே "இலவசப் பாடநெறி" என்று எழுதுகிறவர்கள், அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

மின்னிணைப்புப் பாடநெறியில் சேரும் எண்ணத்துடன் பிரதேச செயலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் படிவத்தை உடனே தரவில்லை, எங்கெங்கு, யாரிடம், என்ன வேலை செய்தேன் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரிந்த வேலையைப் படிக்க ஏன் தம்பி மாதக்கணக்கில் உட்காரப் போகிறீர்கள்?" என்றார். வேலைத்தளத்தில் கற்றதையே மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பழைய பாஸிடமிருந்து ஒரு கடிதம், தொலைபேசியில் கிடந்த வேலைத்தளப் படங்கள், கிராம சேவகரின் சான்று ஆகியவற்றைக் கோவையாக்கிக் கொடுத்தேன். மதிப்பீட்டு நாளில் ஒரு பலகையில் மெயின் சுவிட்ச், டிரிப் சுவிட்ச், பிளக் பொயின்ட் எல்லாவற்றையும் பொருத்தச் சொன்னார்கள். எர்த் வயரை நான் முறுக்கிய விதத்தைப் பார்த்த மதிப்பீட்டாளர், அதைக் கழற்றி மீண்டும் இறுக்கச் சொல்லிவிட்டு, காரணத்தையும் என்னிடமே கேட்டார். 4 ஆம் மட்டம் கிடைத்தது. அதற்கு மேல் 5 ஆம், 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7 ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். வயது வந்து திரும்பப் படிக்க நினைக்கும் நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை என்பது என் கருத்து. ஆனால் தோட்டங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

நோர்வூட் அண்ணா கேட்ட அடுப்புக் கணக்கை நான் எழுதுகிறேன். ஆடைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது என் வேலையும் போனது. என்னிடம் தொழில் அனுபவச் சான்று இருந்தாலும், நான் விரும்பியது முன்பள்ளி ஆசிரியப் பயிற்சி. எனவே முதலில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரக் கணிதத்தை எழுத வேண்டியிருந்தது. ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பகுதியைப் படிப்புக்காக எடுக்கலாமா என்று விசாரித்தேன். பத்து ஆண்டு சேவை உள்ளவர்கள் 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெறலாம், ஆனால் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மட்டுமே என்றார்கள். நோய்க்கும் கூரைக்கும் இரங்கும் சட்டம் படிப்பை மட்டும் ஏன் விட்டுவிட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயிற்சிக் கட்டணம் இல்லைதான். ஆனால் காலையில் எங்கள் வீதியில் ஓடுவது தனியார் பஸ் மட்டுமே. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சீசன் டிக்கெட் அதில் செல்லாது. "நீ வகுப்புக்குப் போற நாளெல்லாம் ஒரு பேர் போச்சு" என்று மாமி சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் விழாத ஒவ்வொரு பேரும், அதாவது ஒவ்வொரு நாள் வேலையும், அந்த மாதச் சம்பளத்தில் குறையும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. சனி, ஞாயிறு வகுப்புக்கு மாறிய பிறகே என்னால் தொடர முடிந்தது.

கொட்டகலையிலிருந்து:

ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கிறேன். என் தம்பிக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தது; முதல் நாளில்தான் வகுப்பு முழுவதும் சிங்களத்தில் என்று தெரிந்தது. சில பாடநெறிகளுக்கு 9 ஆம் தரம் சித்தியடைந்திருந்தாலே போதும் என்பதால் நம் பிள்ளைகள் துணிந்து விண்ணப்பிக்கிறார்கள், பிறகு மொழியால் நின்றுவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும்போதே மொழிமூலத்தைக் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. தமிழில் எழுதிக் கேட்ட பிறகு, அதே பாடநெறி தமிழில் நடக்கும் வேறொரு நிலையத்தின் பெயரைத் தம்பிக்கு எழுத்தில் அனுப்பினார்கள். அடுத்த தொகுதியில் அங்கே சேர்கிறான்.