ஃபோர்க்குகளில் ஓடும் தானியங்கி பில்டுகளை மூலத் திட்டமே தடுக்க வேண்டுமா?

நிரல்வழி:

நான் பராமரிக்கும் திறமூலத் திட்டம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. களஞ்சியத்தின் முழுப் பெயர் எங்களுடையதாக இருந்தால் மட்டுமே ஓடு, ஃபோர்க்குகளில் (பிறர் தம் கணக்கில் எடுக்கும் நகல்களில்) ஓடாதே என்னும் நிபந்தனையை எல்லா வொர்க்ஃப்ளோ ஜாப்களிலும் (தானியங்கி வேலைகளிலும்) சேர்க்க நினைக்கிறேன். ஃபோர்க் எடுத்தவர் கிட்ஹப்பின் தானியங்கி வசதியான ஆக்‌ஷன்ஸை இயக்கியதும் எங்கள் வெளியீட்டு ஜாபும் அவர் கணக்கில் ஓடத் தொடங்குகிறது. அது கன்டெய்னர் இமேஜை (நிரலை அது ஓடத் தேவையானவற்றோடு கட்டிய பொதியை) எங்கள் பெயரில் ஏற்ற முயன்று அனுமதி இல்லாமல் தோற்கிறது. அல்லது, அதைவிட மோசமாக, அவருடைய ரிலீஸ் பக்கத்தில் எங்கள் பெயரும் எங்கள் பதிப்பு எண்ணும் தாங்கிய கோப்புகளை வைத்துவிடுகிறது. தேடுபொறி வழியாக அங்கே சென்று இறக்கிக்கொண்டவர்கள் வழுவை எங்களிடம் பதிகிறார்கள். எந்த மூலநிரலிலிருந்து உருவானது என்றே தெரியாத பைனரிக்கு (ஓடும் நிரல்கோப்புக்கு) நாங்கள் எப்படிப் பதில் சொல்வது?

மூலக்கொடி:

இந்த மாற்றத்தை நான் எதிர்க்கிறேன். ஃபோர்க் எடுத்த உடனே எதுவும் தானாக ஓடிவிடுவதில்லை. உரிமையாளர் ஆக்‌ஷன்ஸ் பக்கத்துக்குச் சென்று, வொர்க்ஃப்ளோக்கள் இருப்பதைப் புரிந்துகொண்டதாக உறுதி செய்து இயக்க வேண்டும். கால அட்டவணைப்படி ஓடுபவை அதற்குப் பிறகும் அணைந்தே இருக்கும், அவற்றைத் தனியே இயக்க வேண்டும். ஆகவே ஓடுகிறதென்றால், ஒருவர் விரும்பி ஓடவிட்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

அப்படி விரும்புவோரில் பெரும்பாலோர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிரிப்டோ சுரங்கக்காரர்கள் வொர்க்ஃப்ளோக்கள் ஓடும் இலவசக் கணினிகளான ரன்னர்களைச் சுரண்டியதால், 2021 ஏப்ரல் முதல், முதன்முறை பங்களிப்பவரின் புல் ரிக்வெஸ்ட்டில் (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) சோதனைகள் ஓடப் பராமரிப்பாளரின் ஒப்புதல் தேவைப்படுகிறது. நீங்கள் ஒப்புதல் தரும்வரை அந்தப் புதியவருக்குத் தன் நிரல் எல்லா இயங்குதளங்களிலும் பில்ட் ஆகிறதா (ஓடக்கூடிய நிரலாக உருவாகிறதா) என்று பார்க்க இருக்கும் ஒரே இடம் அவருடைய ஃபோர்க்தான். அதையும் அடைத்துவிட்டு, சோதிக்காமல் அனுப்புகிறார்கள் என்று பிறகு குறைப்படுவது நியாயமாகாது.

கட்டுமானி:

ஒரு தெளிவு தேவைப்படுகிறது. புல் ரிக்வெஸ்ட் நிகழ்வில் வொர்க்ஃப்ளோ ஓடுவது மூலக் களஞ்சியத்தில்தான். எனவே பெயர் நிபந்தனை அங்கே தடையாகாது. பங்களிப்பவர் தன் ஃபோர்க்குக்குப் புஷ் செய்யும்போதுதான் (மாற்றங்களை ஏற்றும்போதுதான்) அது தடுக்கும். மூலக்கொடி சொல்லும் இழப்பு நேர்வது அங்கேதான்.

பெயர் நிபந்தனையில் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. நிபந்தனையால் தாண்டப்பட்ட ஜாபை கிட்ஹப் வெற்றியாகவே கணக்கிடுகிறது; அதைக் கட்டாயச் சோதனையாகக் குறித்திருந்தாலும் அது மாற்றம் மூலத்தில் இணைக்கப்படுவதைத் தடுக்காது. நாளை திட்டம் வேறொரு நிறுவனக் கணக்குக்கு மாறினால், கோப்பில் எழுதிய பழைய பெயர் பொருந்தாது, எல்லாச் சோதனைகளும் ஓசையின்றித் தாண்டப்படும், ஆனால் இணைப்புப் பொத்தான் திறந்தே இருக்கும். இது எளிதில் கண்ணில் படாத ஆபத்து.

நிரல்வழி:

சோதனை ஜாப்களை விட்டுவிடலாம் என்பதை ஏற்கிறேன். வெளியீட்டில் நான் இறங்கிவர மாட்டேன், ஏனெனில் அங்கே பாதுகாப்பு இருக்கிறது. ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு சீக்ரெட்டுகள் (கடவுச்சொல் போன்ற மறைவுத் தகவல்கள்) தரப்படுவதில்லை, டோக்கனும் (வொர்க்ஃப்ளோவின் அனுமதிச் சீட்டும்) படிக்க மட்டுமே உரிமை தரும் என்பது நல்ல அமைப்பு. ஆனால் ஃபோர்க்கின் பில்டிலிருந்து ஒரு முன்னோட்டப் பைனரியைத் தானாகப் பதிவேற்ற வேண்டும் என்று யாரோ கேட்பார்கள். உடனே இன்னொருவர் புல் ரிக்வெஸ்ட் டார்கெட் என்னும் நிகழ்வுக்கு மாற்றுவார். அது மூலக் களஞ்சியத்தின் உரிமைகளோடும் சீக்ரெட்டுகளோடும் ஓடுவது. அதற்குள் அந்நியரின் நிரலையோ, அவர் தன் மாற்ற வரிசையான கிளைக்கு வைத்த பெயரையோ இழுத்துவந்தால் எல்லாம் போயிற்று. 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்னும் பைத்தான் தொகுப்புக்கு நேர்ந்தது அதுவே. கிளைப் பெயருக்குள் ஷெல் கட்டளையை ஒளித்து அனுப்பினார்கள், பில்டின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) நஞ்சு கலந்தது, பைத்தான் தொகுப்புகளின் பதிவகமான பைபிஐயில் 8.3.41, 8.3.42 ஆகிய பதிப்புகள் கிரிப்டோ சுரங்க நிரலோடு வெளியாயின. ஃபோர்க்கில் பிறந்த எந்த ஆர்ட்டிஃபாக்ட்டையும் (பில்டில் உருவாகும் கோப்பையும்) நம்பத்தகாத உள்ளீடாகவே நடத்த வேண்டும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

மூலக்கொடி:

அந்தச் சம்பவம் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அங்கே உடைந்தது மூலக் களஞ்சியத்தின் வொர்க்ஃப்ளோ. ஃபோர்க்கில் ஓடிய பில்ட் அன்று. முன்னோட்டப் பைனரி வேண்டுமென்றால் அதைப் பங்களிப்பவரின் ஃபோர்க்கிலேயே, அவருடைய டோக்கனோடு உருவாக்கவிடுங்கள். உங்கள் சீக்ரெட்டுகளின் அருகில்கூட அது வராது. ஃபோர்க்கில் பில்டைத் தடுத்தால் அந்தத் தேவை எங்கே போகும்? நீங்கள் அஞ்சும் அந்த ஆபத்தான நிகழ்வின் வழியாக உங்கள் களஞ்சியத்துக்கே வந்து சேரும்.

இமேஜ் ஏற்றம் தோற்பதாகச் சொன்னீர்கள். கோப்பில் உங்கள் கணக்கின் பெயரைக் கையால் எழுதியிருப்பதே அதற்குக் காரணம். களஞ்சிய உரிமையாளரின் பெயரை மாறியிலிருந்து எடுத்தால் இமேஜ் ஃபோர்க்காரரின் பதிவகத்துக்கே செல்லும். கன்டெய்னர் பதிவகம் சிறிய எழுத்துகளை மட்டுமே ஏற்கும் என்பதால், பெரிய எழுத்து கலந்த கணக்குப் பெயரைச் சிறிய எழுத்தாக்கும் ஒரு வரியும் வேண்டும். அந்த வரி இல்லாத வொர்க்ஃப்ளோவோடு போராடிக் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

கட்டுமானி:

பதிப்பு எண் குழப்பத்தையும் மூலத்திலேயே சரிசெய்ய முடியும். பல திட்டங்கள், நிரல் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் டேக்கிலிருந்துதான் (பதிப்புக் குறியிலிருந்துதான்) பதிப்பைக் கணிக்கின்றன. ஃபோர்க்கை மூலத்தோடு ஒத்திசைக்கும் சிங்க் ஃபோர்க் பொத்தான் கிளையைப் புதுப்பிக்குமே தவிர, புதிய டேக்குகளைக் கொண்டுவராது. இதனால் ஆறு மாதம் முன்னேறிய நிரல், பழைய டேக்கின் எண்ணோடு பில்ட் ஆகிறது. டேக்கே இல்லாவிட்டால் பூஜ்யப் பதிப்பாகிறது. கோப்புப் பெயரிலும், நிரல் தன் பதிப்பைச் சொல்லும் இடத்திலும் களஞ்சியத்தின் பெயரையும் கமிட் ஹேஷையும் (ஒவ்வொரு மாற்றப் பதிவின் அடையாள எண்ணையும்) பில்ட் ஸ்கிரிப்ட் பதித்துவிட்டால், வழு பதிபவர் ஒட்டும் முதல் வரியிலேயே அது யாருடைய பைனரி என்று தெரிந்துவிடும்.

ஹேஷ் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபோர்க்குகளும் மூலமும் கிட்ஹப்பில் ஒரே பொருள் சேமிப்பைப் பகிர்வதால், ஃபோர்க்கில் மட்டுமே உள்ள கமிட்டின் ஹேஷை மூலக் களஞ்சியத்தின் முகவரியில் இட்டாலும் பக்கம் திறக்கும். இந்தக் கமிட் இக்களஞ்சியத்தின் எந்தக் கிளையிலும் இல்லை, வெளி ஃபோர்க் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்னும் எச்சரிக்கை மேலே தெரியும், அவ்வளவுதான். ஆகவே களஞ்சியப் பெயரும் கட்டாயம் வேண்டும்.

நிரல்வழி:

பதிப்பில் களஞ்சியப் பெயரைப் பதிப்பதை இன்றே செய்கிறேன். ஆனால் ஃபோர்க்காரர் எங்கள் திட்டப் பெயரிலேயே ரிலீஸ் வெளியிடுவது தீரவில்லையே. ஆர்ட்டிஃபாக்ட் என்றால் இயல்பாக 90 நாளில் அழிந்துவிடும், இறக்கக் கணக்கும் தேவை. அதனால் தீங்கு குறைவு. ரிலீஸ் கோப்பு அழிவதில்லை, யாரும் இறக்கலாம்.

மூலக்கொடி:

வெளியிடும் உரிமையை உரிமமே அவருக்குத் தந்திருக்கிறது. வொர்க்ஃப்ளோ நிபந்தனையால் அதைப் பறிக்க முடியாது, அவர் ஒரு வரியை அழித்தால் போதும். பெயர்தான் சிக்கல் என்றால் பெயரைப் பற்றிப் பேசுங்கள். லினக்ஸ் இயங்குதளமான டெபியன் தன் மாற்றங்களோடு ஃபயர்ஃபாக்ஸை விநியோகித்தபோது எழுந்த வணிகக்குறிச் சிக்கலால் 2006 முதல் 2016 வரை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் வெளியிட்டது. பில்டை யாரும் நிறுத்தவில்லை. ஃபோர்க்காரருக்கும் கடமை உண்டு. ஜிபிஎல் உரிமமுள்ள திட்டமானால் பைனரியோடு அதற்குரிய மூலநிரலும் கிடைக்க வேண்டும். கிளையை ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் கொடுத்துக்கொண்டே (பழைய வரலாற்றை மாற்றி எழுதிக்கொண்டே) இருப்பவர், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி டேக் இடாவிட்டால் அந்தக் கடமையை மீறக்கூடும்.

என் மாற்று யோசனை இது: வெளியீட்டு ஜாப் களஞ்சியப் பெயரைச் சோதிக்க வேண்டாம், களஞ்சிய அமைப்புகளில் உள்ள ஒரு மாறியைச் சோதிக்கட்டும். அந்த மாறிகள் ஃபோர்க்கோடு நகலாவதில்லை. எனவே ஃபோர்க்கில் வெளியீடு இயல்பாகவே அணைந்திருக்கும்; வேண்டுபவர் கோப்பைத் தொடாமல், மூலத்தின் மாற்றங்களை இணைக்கும்போது மோதல் எதுவும் வராமல், தாமே இயக்கிக்கொள்வார்.

நிரல்வழி:

பெயர் நிபந்தனையைவிட இது மேலானது, இதைச் சேர்க்கிறேன். ஆயினும் அந்த மாறி கிட் வரலாற்றுக்கு வெளியே இருக்கிறது. நிர்வாக உரிமையுள்ள ஒருவர் அதை அழித்தால் எங்கள் வெளியீடே தாண்டப்படும், எந்த டிஃபிலும் (மாற்றப் பட்டியலிலும்) அது தெரியாது. ஆகவே டேக் இட்ட பிறகும் வெளியீட்டு ஜாப் தாண்டப்பட்டால், மூலக் களஞ்சியத்தில் மட்டும் பில்டைத் தோல்வியாக்கும் ஒரு தனி ஜாப் வேண்டும். அதற்குள் களஞ்சியப் பெயரை எழுதியே ஆக வேண்டும்.

மூலக்கொடி:

அந்த ஒரு ஜாபுக்குள் எழுதுவதை எதிர்க்கவில்லை. ஆனால் அதையும் தனிக் கோப்பில் வையுங்கள். ஃபோர்க் எடுப்பவர் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் நீக்க முடிய வேண்டும்.