கோட்டுக்குக் கோடு கணக்கில் ஜன்னல் பகுதி அடைபடுகிறது, 40 கி.மீ. உயரத்தில் குளிர்வு வீதம் நிலைக்கவில்லை

கேள்வி:
வணக்கம். ஹைட்ரான் (வாயுக்களின் நிறமாலைக் கோடுகளின் தரவுத்தளம்) தரவை வைத்து நீராவி, கார்பன் டைஆக்சைடு, ஓசோன் மூன்றுக்கும் கோட்டுக்குக் கோடு, அதாவது ஒவ்வொரு நிறமாலைக் கோட்டையும் தனித்தனியே கூட்டி, உட்கவர்தல் கணக்கிடுகிறேன். வளிமண்டலம் ஏஎஃப்ஜிஎல் வெப்பமண்டல மாதிரி (வெப்பநிலை, வாயு அளவுகளின் நிலையான அட்டவணை). ஒவ்வொரு கோட்டையும் ஃபோக்ட் வடிவில் (வெப்ப அசைவால் வரும் டாப்ளர் விரிவும் மோதலால் வரும் லாரன்ஸ் விரிவும் கலந்தது) 10 முதல் 3000 செ.மீ⁻¹ அலை எண் வரை முழுக்க விரித்து, மேலே எம்டி-சிகேடி தொடர்மத்தை (கோடுகளுக்கு வெளியே மெதுவாக மாறும் உட்கவர்தலின் மாதிரி) கூட்டுகிறேன். படி 0.01 செ.மீ⁻¹.

800–1200 செ.மீ⁻¹ ஜன்னலில் (வளிமண்டலம் கதிர்வீச்சைப் பெரும்பாலும் வெளியே விடும் பகுதி), தரையிலிருந்து மேலே போகும் கதிர்வீச்சு எல்பிஎல்ஆர்டிஎம் என்ற கோட்டுக்குக் கோடு நிரலின் விடையைவிட மிகக் குறைவாக வருகிறது. 40 கி.மீ. பக்கம் குளிர்வு வீதம் (கதிர்வீச்சை இழந்து காற்று குளிரும் வேகம்) படியை மாற்றினாலே மாறுகிறது. உச்சியில் வெளியேறும் மொத்தக் கதிர்வீச்சுப் பாயமோ அசையவில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
ஜன்னல் அடைபடக் காரணம் முழுக்க விரித்த வால்தான் (கோட்டின் மையத்தை விட்டு விலகிய பகுதி). தொலைவால்களின் பங்கு எம்டி-சிகேடிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் இரண்டு முறை கூட்டுகிறீர்கள். போதாததற்கு, உண்மையான வால் லாரன்ஸ் வடிவைவிட வேகமாகத் தேய்கிறது. நீராவிக் கோடுகளை மையத்திலிருந்து 25 செ.மீ⁻¹-ல் வெட்டுங்கள். அந்த 25-ல் உள்ள மதிப்பை உள்ளே எல்லாப் புள்ளியிலும் கழிக்கவும் வேண்டும். பீடம் எனப்படும் அந்த அடிமட்ட மதிப்பும் தொடர்மத்தில் சேர்ந்ததே. பீடக் கழிப்பு நீராவிக்கு மட்டும்.

கூடவே ஒன்று சரிபாருங்கள். எம்டி-சிகேடி குணகத்தை அலை எண் × டான்ஹெச்(1.4388 × அலை எண் ÷ (2 × வெப்பநிலை)) என்ற காரணியால் பெருக்க வேண்டும். 1000 செ.மீ⁻¹, 296 கெல்வினில் அது சுமார் 985. விட்டுப்போனால் ஜன்னல் எதிர்த் திசையில், கண்ணாடியாகத் திறந்துகொள்ளும்.

பதில் 2:
இரண்டாவது சிக்கல் படியில். 667 செ.மீ⁻¹, 250 கெல்வினில் கார்பன் டைஆக்சைடு கோட்டின் டாப்ளர் அரை அகலம் சுமார் 0.00057 செ.மீ⁻¹. லாரன்ஸ் அகலம் 1 வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறத்தாழ 0.07, ஆகவே 8 ஹெக்டோபாஸ்கல் பக்கம் இரண்டும் சமம், அதற்கு மேலே டாப்ளரே ஆள்கிறது. உங்கள் 0.01 படி கோட்டின் உச்சியைத் தாண்டிக் குதித்துவிடும். எந்தக் கோட்டின் மேல் புள்ளி விழுகிறது என்பதே தற்செயல், அதனால்தான் விடை ஆடுகிறது. உச்சிப் பாயத்தில் பெரும்பங்கு கீழ் அடுக்குகளுடையது, அதில் இது தெரியாது. குளிர்வு வீதம் பாய வேறுபாட்டை மெல்லிய அழுத்த அடுக்கால் வகுப்பது, அங்கே சிறு பிழையும் பெரிதாகும்.

அரை அகலத்துக்கு 4 புள்ளியாவது வையுங்கள், அதாவது 0.0001 அளவு. கீழ் அடுக்குகளுக்கு இது வீண். அங்கே பெரிய படியில் கணக்கிட்டு, ஒளியியல் தடிமனை நுண்படிக்கு இடைச்செருகினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
ஜன்னல் பொருந்திவிட்டது, நன்றி. அடுத்து இதிலிருந்தே கே-பரவல் அட்டவணை செய்கிறேன் (பட்டையின் உட்கவர் குணகங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 0 முதல் 1 வரையான ஜி அச்சில் சில புள்ளிகளில் மட்டும் எடுப்பது). பட்டைக்கு 16 ஜி புள்ளி, சாதாரண காஸ் எடைகள். 40 கி.மீ.யில் மறுபடி பிழை.

பதில் 2:
அங்கே குளிர்வை நடத்துவது கோடுகளின் உச்சி, அது ஜி = 1-ஐ ஒட்டிய துணுக்கில் ஒதுங்கிக் கிடக்கும். ஆர்ஆர்டிஎம் என்ற கே-பரவல் கதிர்வீச்சு நிரலிலும் பட்டைக்கு 16 புள்ளிதான், ஆனால் அவற்றில் 7 புள்ளி 0.98-க்கும் 1-க்கும் இடையில். எடைகளை அப்படி மாற்றிப் பாருங்கள், புள்ளி எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை.

பதில் 1:
ஹைட்ரான் கோட்டுச் செறிவில் ஐசோடோப்பு விகிதம் முன்பே பெருக்கப்பட்டிருக்கிறது. மறுபடி பெருக்கினால் கார்பன்-13 கோடுகள் சுமார் 90 மடங்கு சிறுத்துவிடும். அட்டவணையை முடிக்குமுன் அதையும் பார்த்துவிடுங்கள்.