புதுப்பிப்பு: எங்கள் பனியன் கூடத்தின் எபாக்சி தரை வெடித்த காரணம்

திருப்பூரில் எங்கள் தையல் கூடத்துக்குப் பூசிய எபாக்சி என்ற பிசின் பூச்சு நான்கே மாதத்தில் வெடித்தது ஏன் என்று ஆடியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பெயர்ந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிற மாவு. கான்கிரீட் போட்டபோது மேலே மிதந்து காய்ந்த சிமெண்ட் பால் அது. எபாக்சி அந்த மாவைத்தான் இறுகப் பிடித்திருக்கிறது, மாவுக்கோ தரையோடு பிடிப்பே இல்லை.

தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, கொப்புளம் கண்ட மூலையில் பூச்சைச் சுரண்டி, 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டோம். காலையில் தாளுக்கடியில் முத்து முத்தாக நீர்! கான்கிரீட் போட்ட 12ஆம் நாளே பூச விட்டது என் அவசரம். 28 நாளாவது பொறுத்து, ஈரமும் பார்த்திருக்க வேண்டும்.

நேர்கோட்டில் ஓடிய வெடிப்புகள் வேறு கதை. தளம் கண்டபடி வெடிக்காமலிருக்க அதில் அறுத்துவிட்ட கோடுகளை (வெட்டு இணைப்புகளை) மூடிப் பூசிவிட்டார்கள். தளம் அசையும் இடத்தில் விறைத்த பூச்சு கிழியத்தான் செய்யும்.

மாவை எடுக்க ஆசிட் கழுவல் போதும் என்றார் பூச்சுக்காரர். மறுத்துவிட்டேன், ஈரத் தரைக்கு இன்னும் தண்ணீரா? வைரக்கல் இயந்திரத்தால் அரைத்துத் தூசியை உறிஞ்சியாயிற்று. தரை இப்போது உப்புத்தாள்போல் சொரசொரக்கிறது. தாளுக்கடியில் நீர் கோக்காத நாளில்தான் அடுத்த பூச்சு.