அவசரம்! விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) டிஸ்ப்ளே கருப்பாகிவிட்டது, யாராவது முழித்திருக்கிறீர்களா?

நைட்ஷிப்ட்_கணபதி (இரவு 1:52)
டிஸ்ப்ளே திடீரென்று போய்விட்டது. ஒரு எழுத்துகூட இல்லை. ஓனர் காலையில் 8 மணிக்கு வந்துவிடுவார். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆர்பிஎம்_8000 (1:55)
எந்த கண்ட்ரோல், அதாவது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் எந்தக் கம்பெனி? ஃபானுக்கா, சீமென்ஸா? பழைய டியூப் திரையா, எல்சிடியா? கரன்ட் போய் வந்ததா? "டிஸ்ப்ளே போய்விட்டது" என்று மட்டும் சொன்னால் எங்கள் வீட்டு டிவியும் போன வாரம்தான் போனது.

பழைய_பட்டறை (1:57)
மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து ஆன் செய்யுங்கள். எங்களிடம் பத்துக்கு ஒன்பது தடவை அதிலேயே சரியாகிவிடும்.

பேராசான் (2:01)
மேனுவலைப் பிரித்தே பார்க்காமல் மெஷினைத் தொடும் தலைமுறை! 27 வருடமாக இதையேதான் சொல்லி வருகிறேன்: முதலில் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி செத்தால் பாராமீட்டர் (மெஷினின் செட்டிங் எண்கள்) போகும், பாராமீட்டர் போனால் எல்லாமே போகும். எப்போது மாற்றினீர்கள் தம்பி? தெரியாது, அப்படித்தானே?

ஓசூர்_மெயின்டனன்ஸ் (2:04)
எல்சிடி என்றால் பேக்லைட் போயிருக்கலாம். லைட்டை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் படம் வருகிறது, வெளிச்சம்தான் இல்லை என்று அர்த்தம்.

நைட்ஷிப்ட்_கணபதி (2:06)
ஃபானுக் 0ஐ-எம்சி, எல்சிடி. கரன்ட் போகவில்லை. சொல்ல மறந்துவிட்டேன், ஜாப் ஓடிக்கொண்டிருக்கிறது. பி20 ஸ்டீலில் மோல்டு கோர், 6 மி.மீ. பால் நோஸ் கட்டர், பினிஷிங் (கடைசி நைஸ் வெட்டு). டிஎன்சி, அதாவது ப்ரோக்ராம் மெமரி கார்டிலிருந்து நேராக ஓடுகிறது. இன்னும் மூன்றரை மணி நேரம் பாக்கி.

ஆர்பிஎம்_8000 (2:07)
ஓடுகிறதா?! இதைத்தானய்யா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்!

பழைய_பட்டறை (2:07)
அப்படியென்றால் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். ஆஃப் செய்துவிடாதீர்கள் சாமி. பாதி பினிஷிங்கில் நிறுத்தினால் கோரில் கோடு விழும், பாலிஷ் போடுகிறவர் உங்களை விடமாட்டார்.

ஓசூர்_மெயின்டனன்ஸ் (2:10)
ஜாப் ஓடுவது நல்ல செய்தி. உங்கள் 0ஐ-எம்சி சேர்ந்த 0ஐ-சி வரிசையில் பெரும்பாலும் கண்ட்ரோல் யூனிட்டே திரையின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். 24 வோல்ட் போயிருந்தால் ஸ்பிண்டிலும் (கட்டரைச் சுழற்றும் தண்டு) நின்றிருக்கும். ஆகவே பவர் சப்ளையை விட்டுவிடுங்கள், கேபினெட்டைத் திறக்க வேண்டாம். டார்ச் அடித்தீர்களா இல்லையா?

பேராசான் (2:12)
பேட்டரி என்று சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆர்பிஎம்_8000 (2:14)
ஐயா, பவர் ஆனில் இருக்கும்போது பேட்டரிக்கு வேலையே இல்லை. ஆஃபில் இருக்கும்போது மெமரியைக் காப்பாற்றத்தான் அது. பாராமீட்டரே அழிந்தாலும் அலாரம் திரையில்தான் வரும், அதோடு ஜாப்பும் ஓடாது.

பேராசான் (2:17)
எனக்கே பாடமா? பவர் ஆனிலேயே வைத்து மூன்று டார்ச் செல்லை மாற்றியவன் நான். ஆஃபில் மாற்றினால் மொத்தமும் போச்சு.

ஆர்பிஎம்_8000 (2:19)
அது பழைய 0 சீரிஸ். மூன்று பெரிய செல், 4.5 வோல்ட், ஆனில்தான் மாற்ற வேண்டும், சரி. 0ஐ-சியில் இருப்பது 3 வோல்ட் லித்தியம். அரை நிமிடம் ஆன் செய்து, அப்புறம் ஆஃப் செய்து, 30 நிமிடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

செல்வி_விஎம்சி (2:20)
நடுவில் ஒரு கேள்வி. கறுப்பாவதற்கு முன்னால் கீபோர்டைத் துடைத்தீர்களா? ஃபானுக்கில் கேன் (CAN) கீயோடு, திரை மாற்றும் ஃபங்ஷன் கீ ஏதாவது ஒன்றைச் சேர்த்து அழுத்தினால் திரை அணைந்துவிடும். எல்சிடி ஆயுளுக்காக வைத்த வசதி. மெஷின் பாட்டுக்கு ஓடும். ஒருமுறை பிஓஎஸ் (POS) கீயை மட்டும் அழுத்திப் பாருங்கள். அது திரை மாற்றும் கீதான், ஓடும் ஜாப்பை ஒன்றும் செய்யாது. ரீசெட்டை மட்டும் தொடாதீர்கள், ப்ரோக்ராம் நின்றுவிடும்.

பேராசான் (2:22)
ஓடும் மெஷினில் கண்டபடி கீ அழுத்தச் சொல்லாதே அம்மா. 3 வோல்ட் பற்றி எனக்கும் தெரியும். அப்சொல்யூட் என்கோடர் (அச்சு எங்கே நிற்கிறது என்று நினைவில் வைக்கும் சென்சார்) பேட்டரியை ஆஃபில் மாற்றி ஹோம் பொசிஷன் (மெஷினின் தொடக்க இடம்) போனவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா?

ஆர்பிஎம்_8000 (2:24)
என்கோடர் பேட்டரியை ஆனில்தான் மாற்ற வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது 6 வோல்ட், தனிப் பேட்டரி. இங்கே யார் அதைப் பற்றிக் கேட்டார்கள்?

பழைய_பட்டறை (2:25)
நான் தூங்கப் போகிறேன்.

ஓசூர்_மெயின்டனன்ஸ் (2:27)
செல்வி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. கணபதி தம்பி, டார்ச்சை விடுங்கள், அதை முதலில் பாருங்கள். ஒரு கை ஃபீட் ஹோல்டு (நகர்வை நிறுத்தும் பட்டன்) பக்கத்தில் இருக்கட்டும்.

செல்வி_விஎம்சி (2:29)
வந்துவிட்டால் பாராமீட்டர் 3123ஐயும் ஒருமுறை பாருங்கள். அதில் எண் போட்டிருந்தால் அத்தனை நிமிடம் கீ தொடாவிட்டால் திரை தானே அணையும். 0 என்றால் அணையாது. ஜாப் முடிந்த பிறகு பார்த்தால் போதும்.

நைட்ஷிப்ட்_கணபதி (2:41)
வந்துருச்சு!!! பிஓஎஸ் அழுத்தினேன், அவ்வளவுதான். கூலன்ட் தெறித்திருந்தது என்று வேஸ்ட் துணியால் கீபோர்டை அழுத்தித் துடைத்தேன், அதுதான் போலிருக்கிறது. ரொம்ப நன்றிங்க அக்கா.

ஆனால் இப்போது திரைக்குக் கீழே "பேட்" (BAT) என்று ஒன்று மினுக்குகிறது. இது எத்தனை நாளாக இருக்கிறது என்று தெரியவில்லை. அது என்னங்க?

பேராசான் (2:42)
சொன்னேனா இல்லையா?

ஆர்பிஎம்_8000 (2:44)
சரி, அது பேட்டரி எச்சரிக்கைதான். திரை போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் ஒரு வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் பாராமீட்டரையும் ஆஃப்செட்டையும் (டூல் அளவு, ஜாப் இட எண்கள்) கார்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது அப்சொல்யூட் என்கோடரா? தம்பி? இருக்கிறீர்களா?