புதுப்பிப்பு: நுனிக்காலில் நடக்கும் மகனுக்குக் கெண்டைக்கால் நீட்டல்

மூளை முடக்குவாதம் உள்ள என் 6 வயது மகன் கெண்டைக்காலை நீட்டிவிட்டாலே அழுகிறான் என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு என் பிடியில்தான். விரல் பக்கத்தைத் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதிதான் வளைகிறது, தசை நீள்வதில்லை. கும்பகோணத்தில் பிசியோ அக்கா காட்டியபடி இப்போது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முன்கையில் சாய்த்து, மெதுவாக மேலே கொண்டுபோகிறேன். முட்டியை நீட்டி 30 வினாடி, அப்புறம் மடக்கி 30 வினாடி. இரண்டும் வெவ்வேறு தசைகளுக்கு. வெடுக்கென்று இழுத்தால் கால் விறைத்துவிடும், பாவம்.

கையால் நீட்டுவது மட்டும் போதாதாம். அதனால் பாதத்தை அசையாமல் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்டும் (கால் தாங்கி) போடுகிறோம். கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நேற்று காவிரிப் படித்துறையிலிருந்து வந்தவனின் ஈரத்தடத்தில், வாசல் சிமெண்டுத் தரையில், இடது குதிகாலும் பதிந்திருந்தது. வலது இன்னும் இல்லை.