லர்க்கருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சமூக ஊடகங்களை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி வந்திருக்கும் ஆய்வுகளைத் தொகுத்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில். இரண்டாம் இயலில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். குழுவில் இருப்பார், வருவதை எல்லாம் படிப்பார், ஒரு வரிகூட எழுதமாட்டார். அவரை ஆங்கிலத்தில் லர்க்கர் என்கிறார்கள். நானும் லர்க்கர் என்றே எழுதிவிட்டேன். நெறியாளர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, "இவர் எந்த அணிக்கு ஆடுகிறார்?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். மௌனப் பார்வையாளர் என்று போடலாமா என்று யோசித்தேன். வேடிக்கை பார்ப்பவர் போலத் தொனிக்கிறது. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

*

கோவையிலிருந்து:

பதுங்குநர் என்று வைக்கலாம். மூலச் சொல்லின் நேர்ப்பொருளே பதுங்குதல்தான். இயக்குநர், ஓட்டுநர் வரிசையில் இலக்கணமாக உட்காரும். பதுங்கல், பதுங்கல் விகிதம் என்று கிளைக்கவும் செய்யும். புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்பார்கள். இன்று சும்மா இருப்பவர் நாளை எழுதக்கூடும் என்ற பொருளும் உள்ளே கிடக்கிறது.

*

தஞ்சையிலிருந்து:

> பதுங்குநர் என்று வைக்கலாம்.

ஐயா, சொல்லில் குறை இல்லை, கிளைக்கவும் கிளைக்கும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் ஒரு மாணவி. கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் கணிதம் எடுப்பவன். 2020இல் கல்லூரிகளை மூடியபோது எல்லோரையும் போல நானும் இரண்டாம் ஆண்டுக்கு ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினேன். 54 பேர். தாளில் கணக்கைப் போட்டுப் படம் எடுத்துக் குழுவில் போடுவேன். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல்தான் அதிலேயே வருமே, அதுதான் எனக்கு வருகைப் பதிவேடு. அதில் ஒரு எண், முகப்புப் படம் புல்லட் வண்டி. எல்லாவற்றையும் பார்த்திருக்கும், இரவு பத்துக்கு மேல்தான் பார்த்திருக்கும், பதில் என்று ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. யாரோ ஊர் சுற்றும் பையன் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் இரவு பத்தரைக்கு அந்த எண்ணிலிருந்து அழைப்பு. பெண் குரல், அதுவும் ரகசியம் பேசுவதுபோல. "சார், மூணாவது கணக்குல நாலாவது வரியில மைனஸ் விட்டுப்போச்சு சார். விடை மாறுது." எடுத்துப் பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. அதற்குள் அந்தக் கணக்குக்குக் கீழே முப்பது பேர் கட்டைவிரலும் கைகூப்பும் போட்டு, "புரிஞ்சிது சார்", "சூப்பர் சார்" என்று முடித்திருந்தார்கள்.

இதைக் குழுவிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன். "அண்ணன் நம்பர் சார். குழுல எழுதினா இது என் நம்பர்னு பசங்க எல்லாருக்கும் தெரிஞ்சிரும். வீட்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க." அண்ணன் வேலை முடிந்து வந்து தூங்கப் போகும்வரை உள்ள ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்குப் போன். அதற்குள் படத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் பகலில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பாளாம்.

அவளைப் போய்ப் பதுங்குநர் என்று எந்த வாயால் சொல்வது?

இனி ஆய்வுக்கு வருகிறேன். பிளேர் நானெக்கி, ஜெனி பிரீஸ் இருவரும் 2000இல் மின்னஞ்சல் குழுக்களில் எழுதாதவர்களை எண்ணிப் பார்த்தார்கள். 12 வாரம் ஒரு மடலும் போடாதவர் லர்க்கர் என்று கோடு கிழித்துக்கொண்டார்கள். உடல்நலக் குழுக்களில் ஏறத்தாழ 46 சதவீதம், மென்பொருள் குழுக்களில் 82 சதவீதம் தேறியது. நோயைப் பற்றி என்றால் பாதிப்பேராவது வாய் திறக்கிறார்கள், மென்பொருள் என்றால் ஐந்தில் நான்கு பேர் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். இடத்தைப் பொறுத்து இப்படி ஏறத்தாழ இரட்டிப்பாகும் ஒன்றை ஆளின் குணமாகப் பெயரிடுவது சரியா?

2004இல் பிரீஸ், நானெக்கி, ஆண்ட்ரூஸ் மூவரும் ஏன் எழுதவில்லை என்று எழுதாதவர்களையே கேட்டார்கள். முதலில் நின்ற பதில், எழுதத் தேவைப்படவில்லை என்பது. குழு எப்படி என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தவர்கள் உண்டு, மென்பொருள் கைக்கு அடங்காதவர்கள் உண்டு, குழுவே பிடிக்காதவர்கள் உண்டு. நான் எழுதாமல் இருப்பதே குழுவுக்குச் செய்யும் உதவி என்று சொன்னவர்களும் உண்டு. (நம் குழுவிலும் சிலர் அந்த உதவியைச் செய்யலாம். யாரையும் குறிப்பிடவில்லை.) ஒளிவதற்காக ஒளிந்தவர் இந்தப் பட்டியலில் எங்கே?

எழுதுகிறவர் எல்லாம் கற்கிறார் என்றும் இல்லை. நீல் செல்வின் 2009இல் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள் 909 பேருடைய முகநூல் சுவர்களைப் படித்தார். படிப்பு சார்ந்து அங்கே கிடைத்தவை: வகுப்பைப் பற்றிய புலம்பல், கட்டுரை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்ற விசாரிப்பு, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று காட்டிக்கொள்வது, கேலி. நம் விடுதித் தாழ்வாரப் பேச்சேதான். வாரம் இரண்டு பதிவு கட்டாயம் என்று நானும் ஒரு பருவம் சொல்லிப் பார்த்தேன். திங்கள் காலை "குட் மார்னிங் சார்", வெள்ளி மாலை "நன்றி சார்". கணக்கு நேராகிவிட்டது.

அதற்காக எழுதாதவர் பக்கமே சாய்ந்துவிடவும் முடியாது. மைக்கேல் போடோயின் 2002இல் இணையவழிப் படிப்பில் கண்ணுக்குத் தெரியாத மாணவர்களைத் தேடிப் போனார். அவர்களும் பாடத்துக்கு நிறைய நேரம் செலவிடுகிறார்கள், கற்பதாகவே உணர்கிறார்கள் என்று கண்டார். ஆனால் சராசரி மதிப்பெண் நன்றாக எழுதிப் பேசியவர்களுக்குத்தான் கூடுதல். இதைப் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. கற்பவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பவணந்தியார் சொல்வது, சித்திரப் பாவை போல அடங்கி, "செவி வாயாக நெஞ்சு களனாக" இரு என்று. காதுதான் வாய்! அதோடு நிற்காமல் அவர் ஒரு கணக்கும் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்கூறுதான். உடன் படிப்பவர்களோடு பயில்வதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் மீதி இரண்டு கால். எழுதாத மாணவிக்கு முதல் கால் முழுசாகக் கிடைத்தது. மற்ற மூன்று காலும் கிடைக்காமல் போனதற்கு அவள் பொறுப்பில்லை, அண்ணன் போன் பொறுப்பு.

ஆகவே என் பரிந்துரை: எழுதா வாசகர். அப்புறம் இன்னொன்று. குழுவில் பெயர் மட்டும் இருக்கும், திறந்தே பார்க்காது. அந்த எண்ணுக்கும் லர்க்கர் என்ற இதே முத்திரை விழுந்துவிடுகிறது. மடல் போடாதவர் என்று எண்ணினால் இருவரும் ஒரே பெட்டிக்குள்தான். தமிழில் நாம் அதைச் செய்ய வேண்டாம். அவரைப் பெயரளவு உறுப்பினர் என்று தனியாக வையுங்கள். ஆய்வேட்டில் இந்தப் பிரிவினை இருந்தால் சொல்லைவிட அதுதான் உபயோகம்.

*

டொராண்டோவிலிருந்து:

இந்தக் குழுவில் சேர்ந்து ஏழு வருசம், இது என் இரண்டாவது மடல். ஆகவே இந்தச் சொல்லில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது.

பதுங்கு என்று கண்ட உடனே எனக்கு வருவது பதுங்குகுழி. வீட்டில் பங்கர் என்போம், பத்திரிகையில் பதுங்குகுழி என்று வரும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்குள் அப்பா வெட்டிய குழிக்கு மேலே தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தது. விமானச் சத்தம் கேட்டால் கொப்பியோடு உள்ளே இறங்குவோம். படிப்போடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பார்க்க என்னால் ஏலாது. கோவை ஐயா கோவிக்க வேண்டாம், நீங்கள் புலியை நினைத்தீர்கள், எனக்குக் குழி.

எழுதா வாசகர் நல்லது. ஆனால் இப்போது குழுக்களில் குரல் பதிவு, யூடியூப் நேரலை என்று எத்தனை! அங்கே வாசிப்பு எங்கே? எங்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, நேயர். இலங்கை வானொலியில் தபாலட்டை போட்டவர்களின் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். அட்டை போடாமல் கேட்டுக்கொண்டிருந்த சனம் அதைவிட எத்தனை மடங்கு. அம்மாவும் ஒரு அட்டைகூடப் போட்டதில்லை. அவரை ஒளிந்து கேட்கிறவர் என்று எவரும் சொன்னதில்லை. அட்டை போட்டவரும் நேயர், போடாதவரும் நேயர். அதனால் எழுதா நேயர் என்று வைத்தால் என்ன?

*

சென்னையிலிருந்து:

நேயர் தமிழ்ச்சொல்தானா? வடமொழி சிநேகம் என்பதன் திரிபு என்பார்கள். கலைச்சொல் ஆக்கும்போது இதைப் பார்க்க வேண்டாமா?

*

தஞ்சையிலிருந்து:

தனித்தமிழுக்காக வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய பாவாணர் தம் பெயரிலேயே தேவநேயர் என்று வைத்திருந்தார். அவரே விட்டுவைத்ததை நாம் ஏன் துரத்த வேண்டும்?

யாழ்ப்பாணத்து அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், வாசகரை நேயர் என்று மாற்றிக்கொள்ளலாம். முகநூல் நின்றது, பயனர் நின்றது. வாட்ஸாப்புக்கு வைத்த புலனம் இன்னும் மேடைக்கு மேடை அறிமுகப்படுத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சொல் நிற்குமா என்று நான் பார்ப்பது ஒரே விதத்தில்: அந்தச் சொல்லை ஒருவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வாரா? "நான் இந்தக் குழுவில் எழுதா நேயர்" என்று ஒருவர் கூசாமல் சொல்லலாம். பதுங்குநர் என்று யாரும் சொல்லிக்கொள்ளமாட்டார்.

*

ஐயா, அம்மா, எல்லோருக்கும் நன்றி. எழுதா நேயர் என்றே போட்டுவிட்டேன். பெயரளவு உறுப்பினர் என்ற பிரிவையும் அட்டவணையில் சேர்த்ததில் ஒரு சிக்கல் அவிழ்ந்தது. ரேனல் ஜங்கோ குழுவினர் 2011இல் வெளியிட்ட டுவிட்டர் ஆய்வில் 125 மாணவர்கள், 70 பேருக்கு டுவிட்டர் வழியே பாடப் பணிகள், 55 பேருக்கு அது இல்லை. டுவிட்டர் பிரிவில் ஈடுபாடும் மதிப்பெண்ணும் கூடின. அந்த 55 பேரையும் நான் கவனிக்காமல் எழுதாதவர் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். அவர்கள் அந்த இடத்திலேயே இல்லையே! எடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. எழுதாநேயர் என்று சேர்த்து எழுதவா, பிரித்து எழுதவா?

*

கோவையிலிருந்து:

பிரித்தே எழுதுங்கள். சேர்த்தால் 'தாநேயர்' என்று கண் தடுக்கும். 'எழுதா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; பின்னால் பயனர் வந்தால் எழுதாப் பயனர் என்று வல்லினம் மிகும், நேயருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பதுங்குகுழி பற்றி எனக்குத் தோன்றவே இல்லை அம்மா, மன்னியுங்கள். ஆனால் பதுங்குநரை நான் முழுதாகத் திரும்பப் பெறவில்லை. மாணவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க உள்ளே வந்து உட்காரும் ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.